கீல் எங்கே இருக்கிறது?
பளு தூக்கும் மாணவர்களின் முதுகும் ஓர் அறிவியல் பாடமும்

நான் உடற்கல்வி ஆசிரியை அல்ல. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். பளு தூக்கும் பயிற்சிக்குள் நான் வந்தது தற்செயல்தான். மாலையில் பெண் பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது உடன் ஓர் ஆசிரியை இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். வீடு பக்கத்தில் இருப்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் சில வாரங்கள் திருத்த வேண்டிய விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இரும்பு தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் என் சிவப்புப் பேனா கோணலாகப் போனது.

எங்கள் பள்ளி இருப்பது கணியம்பாடி ஒன்றியத்தில். ஒரு பக்கம் ஜவ்வாது மலையின் விளிம்பு, மறுபக்கம் வேலூர். பளு தூக்குதல் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமான விளையாட்டு இல்லை. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட்டில் தொடைக் காயத்தோடு களமிறங்கி 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம் வென்றார். அவருடைய தந்தையும் பளு தூக்கியவர், முன்னாள் படைவீரர். “அவங்க வீடு அந்தப் பக்கம்தான் டீச்சர்” என்று பேருந்தில் கையைக் காட்டிச் சொல்லும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

அந்தக் குழுவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். மெலிந்த உடம்பு, ஆனால் கால்களில் நல்ல வலு. மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருநாள் வகுப்பில் அவள் உட்காருவதைக் கவனித்தேன். பெஞ்சில் கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டதற்கு, “ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றாள். தரையில் விழுந்த பென்சிலை எடுக்க அவள் குனியவில்லை. பக்கத்துப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மாலையில் தனியாகக் கேட்டபோதுதான் சொன்னாள். மூன்று வாரமாகக் கீழ் முதுகில் வலி. வீட்டில் சொன்னால் அம்மா பயிற்சிக்கே அனுப்ப மாட்டார், எங்களிடம் சொன்னால் போட்டியிலிருந்து எடுத்துவிடுவோம். இரண்டு பயமும் நியாயமானவைதான். மறுநாள் அவள் அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையம் போனோம். தசைப் பிடிப்புதான், எலும்பில் ஒன்றுமில்லை, ஆனால் வலி முழுதாகப் போகும்வரை எடை தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். கால் வரை வலி இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வரச் சொன்னார். இந்த மூன்று அடையாளங்களையும் பயிற்சி தரும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் அவள் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “நான் பொழுதுக்கும் குனிஞ்சு நாத்து நடறேன். எனக்கு வலிக்கலையா? இதுக்குப் போயி டாக்டரா?” என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தோம். அடுத்த இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. வருகைப் பதிவின்போது “உள்ளேன் டீச்சர்” என்பதை மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. ஒரு மாதமாக உடற்கல்வி ஆசிரியரும், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட நானும் அவளிடம் “முதுகு நேரா! முதுகு நேரா!” என்று கத்திக்கொண்டே இருந்தோம். அவளும் முயன்றுகொண்டே இருந்தாள். இருந்தும் ராடு தரையை விட்டு எழும் அந்த நொடியில் அவள் முதுகு வளைந்தது. கணக்கு வராத பிள்ளையிடம் “சரியாப் போடு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன நடக்குமோ, அதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை உடற்கல்வி ஆசிரியரும் நானும் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு ராடின் அருகில் உட்கார்ந்தோம். போட்டியில் பயன்படும் பெரிய வட்டத் தட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆகவே ராடின் மையம் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். எங்களிடம் இருந்தவை சிறிய இரும்புத் தட்டுகள். இருந்ததில் பெரியதன் விட்டமே 25 சென்டிமீட்டர்தான். அப்படியென்றால் ராடு நின்ற உயரம் 12.5 சென்டிமீட்டர். போட்டியில் எடுக்க வேண்டிய இடத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழேயிருந்து அந்தப் பெண் தினமும் எடுத்திருக்கிறாள்! இடுப்பு மடியக்கூடிய எல்லை முடிந்த பிறகும் கை தரையைத் தேடியதால், மிச்ச தூரத்தை முதுகு வளைந்து ஈடுகட்டியிருக்கிறது. எத்தனை முறை கத்தியிருந்தாலும் அது நிமிர்ந்திருக்காது.

பழைய இருசக்கர வாகன டயர்களை அடுக்கி, இரண்டு பக்கமும் ஒரே உயரமாக வைத்து, ராடு 22.5 சென்டிமீட்டரில் நிற்கும்படி செய்தோம். கெட்டியான மரக்கட்டையும் போதும். செங்கல்லை அடுக்க வேண்டாம், சரியும், உடைந்து தெறிக்கும். இதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை. உங்கள் பள்ளியிலும் சிறிய தட்டுகளோடு பயிற்சி நடக்கிறது என்றால், வேறு எதையும் செய்வதற்கு முன் ஸ்கேலை எடுத்து இந்த ஒன்றை அளந்து பாருங்கள்.

அடுத்து, குனிவது எப்படி என்பதையே முதலிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். இங்கே என் பாடம் உதவியது.

கதவு திறக்கும்போது பலகை வளைவதில்லை, கீல் திரும்புகிறது. உடம்பில் அந்தக் கீல் இடுப்பு மூட்டு. பிள்ளைகளிடம் “இடுப்பைத் தொடு” என்றால் பெரும்பாலும் பாவாடை நாடா கட்டும் இடத்தைத் தொடுவார்கள். மூட்டு அங்கே இல்லை. தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் இருக்கிறது. இரண்டு கையையும் கத்திபோல் நிமிர்த்தி அந்த மடிப்பில் வைத்து, கை உள்ளே அழுந்தும்படி பின்பக்கத்தைப் பின்னால் தள்ளச் சொன்னால் கீல் எங்கே இருக்கிறது என்பது உடனே புரிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு சுவர். சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்பக்கத்தால் சுவரைத் தொட வேண்டும். தொட்டதும் அரை அடி முன்னால் நகர்ந்து மறுபடி. இப்படி நகர்ந்துகொண்டே போனால் ஓர் இடத்தில் தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்புதான் தேடி வந்த பொருள். இழுப்பு முதுகில் தெரிந்தாலோ, முழங்கால் முன்னால் போய்க் குத்துக்கால் நிலையானாலோ, மறுபடி ஒரு சாணுக்கே வரச் சொல்கிறோம்.

மூன்றாவது கோல். ஒட்டடைக் கம்பை வெட்டி வைத்துக்கொண்டோம். முதுகோடு ஒட்டி நிமிர்த்திப் பிடித்தால் அது மூன்று இடத்தில் பட வேண்டும்: பின்தலை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடு, வால் எலும்புக்குச் சற்று மேலே. இந்த மூன்றும் விலகாமல் குனிந்து நிமிர வேண்டும். தலை விலகினால் பிள்ளை கீழே பார்க்கிறது. கீழ்ப்புள்ளி விலகினால் முதுகு வளைகிறது. கழுத்துக்குப் பின்னாலும் கீழ் முதுகிலும் இயல்பாக ஒரு சிறு இடைவெளி இருக்கும், அதை அழுத்தி மூட வேண்டியதில்லை. “நேரா” என்று சொன்னால் சில பிள்ளைகள் நெஞ்சைத் தூக்கிப் பின்பக்கமாக வில்லைப் போல் வளைந்துவிடுகிறார்கள். அதுவும் தவறுதான். “நேர்” என்ற சொல்லையே இப்போது நாங்கள் குறைத்துக்கொண்டோம். “கோல் விலகக் கூடாது” என்றால் பிள்ளைக்குத் தானே தெரிந்துவிடுகிறது.

கோலை வைத்து எட்டு முறை விலகாமல் செய்பவரிடம்தான் ராடைக் கொடுக்கிறோம், அதுவும் தட்டு மாட்டாமல். முதலில் கற்றுக்கொடுப்பது ருமேனியன் டெட்லிஃப்ட். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனிய வீரர் நிக்கு விளாட் அமெரிக்கா போயிருந்தபோது செய்த பயிற்சியைப் பார்த்தவர்கள் அவர் நாட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தரையிலிருந்து எடுக்காமல், நின்ற நிலையில் தொடங்கி இறக்கி ஏற்றுவது இதன் தன்மை. தொடக்கக்காரர்களுக்கு இது ஏன் நல்லது என்றால், எங்கே நிறுத்துவது என்பது பிள்ளையின் கையிலேயே இருக்கிறது.

பாதங்கள் இடுப்பு அகலத்தில். கைகள் தொடைக்குச் சற்று வெளியே. ராடு தொடையில் படிந்திருக்கும். வயிறு நிறைய மூச்சு இழுத்து, யாரோ விளையாட்டாக வயிற்றில் குத்த வருவதைப் போல் இறுக்கிக்கொள்ள வேண்டும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி அப்படியே நிலைநிறுத்திவிட்டு, பின்பக்கத்தைப் பின்னால் தள்ள வேண்டும். ராடு தொடையை உரசிக்கொண்டே முழங்காலைத் தாண்டி இறங்கும். மூன்று எண்ணும் வரை இறக்கம். பின்தொடை நன்றாக இழுத்து, இனி இறங்கினால் முதுகு வளையும் என்ற இடம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உயரத்தில் வரும். சிலருக்கு முழங்காலுக்குக் கீழே, சிலருக்குப் பாதிக் கெண்டைக்காலில். பக்கத்தில் இருப்பவள் எவ்வளவு இறங்குகிறாள் என்று பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஏறும்போது பாதத்தால் தரையை அழுத்தி, பின்பக்கத்தை முன்னால் கொண்டு வந்து நிமிர வேண்டும். நிமிர்ந்த பிறகு பின்னால் சாய வேண்டாம். பல பிள்ளைகள் கடைசியில் அப்படிச் சாய்ந்து ‘முடிச்சிட்டேன்’ என்று காட்டுவார்கள். பார்வை ஐந்தாறு அடி தள்ளித் தரையில். எதிரே கண்ணாடி இருந்தால் தலை தானாக நிமிரும். எங்களிடம் கண்ணாடி இல்லை, இந்த ஒரு விஷயத்தில் அது நல்லதாகப் போயிற்று.

முழங்காலை ஏன் நிலைநிறுத்த வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பின்தொடைத் தசைகள் மூன்று. உட்காரும்போது தரையில் படும் எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி அதன் கீழ் எலும்பில் போய் ஒட்டுகின்றன. ஆகவே அவை இரண்டு மூட்டுகளைக் கடக்கின்றன. இடுப்பில் மடிந்தால் நீள்கின்றன, முழங்காலை மடக்கினால் தளர்கின்றன. இறங்கும்போது முழங்காலையும் மடக்கிக்கொண்டே போனால், ஒரு முனையில் இழுத்த கயிற்றை மறு முனையில் விட்டுக்கொடுப்பதுபோல் ஆகிவிடும். வேலை முன்தொடைக்குப் போய்விடும். முழங்காலைக் கட்டை போல் விறைத்து நிறுத்துவதும் சரியில்லை, இழுப்பு சீக்கிரமே வந்து முதுகை வளைத்துவிடும்.

ராடு காலை உரச வேண்டும் என்பதற்குக் காரணம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது: திருப்புத்திறன். விசையை, அது செயல்படும் கோட்டுக்கும் சுழல் புள்ளிக்கும் இடையே உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் கிடைப்பது. 20 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 200 நியூட்டன். அது கீழ் முதுகிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தால் திருப்புத்திறன் 100 நியூட்டன் மீட்டர். கால் மீட்டருக்குக் கொண்டு வந்தால் 50. இதைச் சமன் செய்ய வேண்டிய முதுகுத் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. ஆகவே முதல் நிலையில் தசை இழுக்க வேண்டிய விசை 2000 நியூட்டன், அதாவது 200 கிலோ எடைக்குச் சமம். 20 கிலோவைத் தூக்க 200 கிலோ! இதில் நம் மேலுடலின் எடையை இன்னும் சேர்க்கவில்லை. கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்ட அன்று வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்போ எங்கப்பா மல்லாட்டை மூட்டை தூக்கறாரே டீச்சர்?” என்றான். அவருக்கும் இதே கணக்குதான் என்றேன்.

செய்து காட்டவும் முடியும். ஒரு மீட்டர் அளவுகோலின் ஒரு முனையில் ஆணி அடித்துச் சுழலும்படி சட்டத்தில் மாட்டுங்கள். முனையிலிருந்து 5 சென்டிமீட்டரில் சுருள் தராசைக் கட்டி, அளவுகோல் கிடைமட்டமாக நிற்கும்படி மேலே இழுங்கள். எடை எதுவும் தொங்காதபோதே தராசு ஓர் அளவு காட்டும். மேலுடலின் எடை என்று சொன்னேனே, அது இதுதான். பிறகு 100 கிராம் எடையை 50 சென்டிமீட்டரில் தொங்கவிட்டால் தராசு இன்னும் ஏறக்குறைய 10 நியூட்டன் கூடுதலாகக் காட்டும். 25 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் அந்தக் கூடுதல் பாதியாகும். 5 சென்டிமீட்டர் தொலைவில் துல்லியமாகக் கட்டுவது சற்றுத் தொல்லை, கொஞ்சம் முன்பின் வரும். பிள்ளைகள் தாங்களே இழுத்துப் பார்த்தால் போதும்.

இதே கணக்கு இன்னொரு முடிவையும் எடுக்க வைத்தது. ‘குட் மார்னிங்’ என்றொரு பயிற்சி இருக்கிறது. ராடைத் தோளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வணக்கம் சொல்வதைப் போல் குனிந்து நிமிர்வதால் அந்தப் பெயர். (பிள்ளைகளுக்குப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது. ஒரு வாரம் எல்லோரும் ராடில்லாமலேயே எனக்குக் ‘குட் மார்னிங்’ சொன்னார்கள்.) கையில் தொங்கும் ராடைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். தோளில் இருக்கும் ராடை அப்படி அருகில் கொண்டுவர வழியில்லை, மேலுடலின் முழு நீளமும் தொலைவாகிவிடுகிறது. தவறினால் சட்டென்று கீழே போடவும் முடியாது. தேர்ந்த வீரர்களுக்கு அது பயன்படலாம். எங்கள் பள்ளியில் அதை வெறும் கோலோடு மட்டும் செய்கிறோம். இதில் உடற்கல்வி ஆசிரியருக்கும் எனக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. பிளஸ் டூ மாணவர்களுக்கு லேசான ராடு கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம்.

எடை கூட்டுவதில் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறோம். எட்டாவது தடவை முதல் தடவையைப் போலவே இருந்தால் அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூடும், இல்லையென்றால் அதே எடை. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று சுற்று. ‘ஒரே தடவை எவ்வளவு முடியும்’ என்று சோதிக்க விடுவதில்லை. மறுநாள் பின்தொடையில் லேசான வலி இருந்தால் பரவாயில்லை. முதுகெலும்பை ஒட்டி வலி என்றால் அன்று ராடைத் தொடக் கூடாது. சொன்னதற்காக யாரும் திட்டு வாங்குவதும் இல்லை. இதைச் சொல்வது எளிது, பிள்ளைகளை நம்ப வைக்கப் பல மாதம் ஆனது.

பெற்றோர் கேட்பது வேறு: “எடை தூக்கினா வளர்த்தி நின்னுடுமாமே?” முறையான மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி உயர வளர்ச்சியைப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்லியிருக்கிறது. இதில் மேற்பார்வை என்ற சொல்தான் முக்கியம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் அறையைப் பூட்டி, சாவியை நான் வைத்துக்கொள்கிறேன்.

பேசாமல் இருந்த அந்தப் பெண்ணிடம் மீராபாய் சானுவைப் பற்றிச் சொன்னேன். 2017இல் உலகச் சாம்பியன், 2018இல் கீழ் முதுகு வலியால் ஆசியப் போட்டிக்கே போகவில்லை. மூன்று ஆண்டு கழித்து டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம். அறிவுரை என்று நினைத்தாளோ என்னவோ, “சரி டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். ஆனால் அடுத்த வாரம் வந்து ஒட்டடைக் கோலை எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். வலி போய், மருத்துவர் அனுமதித்த பிறகும் ஏறக்குறைய இரண்டு மாதம் கோலும் வெறும் ராடும்தான். பிறகு ருமேனியன் டெட்லிஃப்ட், அதன் பிறகே டயர் மேலிருந்து எடுப்பது. இப்போது பத்தாம் வகுப்பில் என் மாணவி. இந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் கலந்துகொண்டு நான்காவதாக வந்தாள். பதக்கம் இல்லை. அவள் எடுத்த ஆறு முயற்சிகளையும் நான் பின்னாலிருந்து அல்ல, பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். முதுகு தெரிவது அங்கிருந்துதான்.

அவள் அம்மாவின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. நாற்று நடும் வயலில் நிலத்தை 22.5 சென்டிமீட்டர் உயர்த்த முடியாது. ஒருநாள் அந்த வழியாகப் போனபோது வரப்பில் நின்று பார்த்தேன். வயதான பெண்களில் சிலர் கால்களை அகலமாக வைத்து, இடுப்பிலிருந்தே மடிந்து, கோல் வைத்தால் விலகாத முதுகோடு நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

போன ஜூனில் பாடநூல் கட்டுகள் வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கட்டைத் தரையிலிருந்து வெடுக்கென்று தூக்கி நானே ஒரு வாரம் படுத்திருக்கிறேன், ஆகவே வண்டியைப் பார்த்ததும் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம். பிள்ளைகள் இறக்குவதற்கு ஓடினார்கள். அந்தப் பெண் வண்டிக்காரரிடம் போய், “அண்ணா, தரையில போடாதீங்க. அந்த பெஞ்சு மேல வைங்க, நாங்க அங்கிருந்து எடுத்துக்கறோம்” என்றாள்.